காது ரெண்டிலும்...

கடைத்தெரு முனையில் இருக்கும் சலூன்காரருக்கு ஒரு வியாதி உண்டு. யார் எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் அதை அவர்தான் முடித்து வைப்பார். எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் எண்ணெயை ஊற்றி அடுப்பையும் பற்றவைத்துவிடுகிற ரகம்.

"சைடுல கொஞ்சம்..." என்று ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி வாயைத் திறந்தால் போதும். "குறைக்கணும், பின்னாடி மெஷின் போடணும், முன்னாடி கை வைக்கக் கூடாது, அதானே அண்ணே?" என்று சொல்லி முடிக்கும்போது வந்தவர் கழுத்தில் துணியைக் கட்டியிருப்பார். பத்துக்கு ஒன்பது முறை அவர் சொன்னது சரியாகவும் இருக்கும். அந்தத் திமிரில்தான் பத்தாவது முறை தபால்காரரின் மீசை போயிற்று.

தபால்காரர் அன்று சொன்னது "மீசைய" என்கிற ஒரு சொல்தான். மிச்சத்தைச் சொல்வதற்குள் மூக்குக்குக் கீழே நுரை வந்துவிட்டது. நுரை போனபோது மீசையும் கூடவே போயிருந்தது.

"விட்டுடுன்னு சொல்ல வந்தேம்ப்பா," என்றார் அவர், கண்ணாடியைப் பார்த்தபடி. இருபத்திரண்டு வருஷத்து மீசை. அவரைப் பார்த்துக் குரைப்பதை எப்போதோ நிறுத்தியிருந்த தெருநாய்கள் எல்லாம் யாரோ புது ஆள் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தன. அதற்குப் பிறகும் அவர் அந்தச் சலூனுக்குத்தான் வந்தார். வரும்போதே உதட்டுக்கு மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு வருவார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட வாய்க்காரருக்கு மகளாக வந்து பிறந்தவள் கடுகு. வயது நாலு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொல்லி வைத்த செல்லப் பெயர். காரம் குறையவில்லைதான். பிடிக்காத சட்டையைப் போட்டுவிட்டால் கடிப்பாள், பிடிக்காத செருப்பை ஜன்னல் வழியே எறிவாள். ஆனால் சத்தம் மட்டும் கிடையாது. "ம்" என்றால் வேண்டும், "ம்ஹும்" என்றால் வேண்டாம். நாலு வருஷத்தில் அவள் பேசியதெல்லாம் அந்த இரண்டுதான்.

காதுக்கு ஒரு டாக்டர் பார்த்தார், தொண்டைக்கு ஒரு டாக்டர் பார்த்தார். "எல்லாம் நல்லா இருக்கு. பேச வேண்டிய அவசியம் இன்னும் வரலை போல," என்றார் இரண்டாமவர். சலூன்காரர் அவரையும் பாதியில் மறித்து, "வந்துடும், வந்துடும்," என்று தானே ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டு நிலவரத்தைக் கொஞ்சம் பார்த்தால் டாக்டர் சொன்னது விளங்கும். சலூன்காரரின் மனைவி தையல்காரி. முன்னறையில் மிஷின் போட்டு, இடுப்பைப் பிடிப்பது, ஓரம் மடிப்பது என்று ஆல்டரேஷன் வேலை பார்க்கிறவர். காலை முதல் மாலை வரை அவர் வாயில் ஏழெட்டுக் குண்டூசி இருக்கும். வருகிறவர்களோடு அவர் புருவத்தாலேயே பேசுவார். இடது புருவம் உயர்ந்தால் நாளைக்கு, இரண்டும் உயர்ந்தால் நடக்காது. ஆக, அந்த வீட்டில் ஒருவர் பேசவே மாட்டார், இன்னொருவர் எல்லாருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். நடுவில் கடுகு எதற்காக வாயைத் திறக்க வேண்டும்? அவள் ஃப்ரிட்ஜைப் பார்த்தாலே, "பாலா? ஆற வெச்சதா? நீல டம்ளர்லயா? சர்க்கரை அரை ஸ்பூனா?" என்று அப்பா வரிசையாகக் கேட்டு முடிப்பார். அவள் ஒரு "ம்" வைத்தால் போதும், பால் வந்துவிடும்.

ஆனால் ஒரே ஒரு விஷயம் சலூன்காரரை உள்ளுக்குள் அரித்தது. முடிவெட்ட அப்பாக்களோடு வருகிற பிள்ளைகள் பெஞ்சில் சலித்துப்போய், "அப்பா, போலாம்ப்பா," என்று இழுக்கும்போதெல்லாம் இவர் கத்தரியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அவரை இதுவரை யாரும் அப்பா என்று கூப்பிட்டதில்லை. ஊரார் வாக்கியத்தையெல்லாம் முடித்து வைக்கிற மனிதர், இந்த ஒரு சொல்லை மட்டும் தானே சொல்லித் தானே கேட்டுக்கொள்ள முடியாது. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

மூன்று வாரத்தில் வகுப்பு முடிகிறது என்னும்போது, மழலையர் பள்ளியிலிருந்து பாட்டு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். சலூன்காரர் உட்கார்ந்தார். ஊரையே நாற்காலியில் உட்கார வைக்கிறவருக்கு அன்றைக்குத்தான் உட்காருகிற கஷ்டம் தெரிந்தது.

"உங்க பொண்ணு..." என்று ஆரம்பித்தார் டீச்சர்.

"பேச மாட்டேங்கிறா, அதனால பெரிய வகுப்புக்கு..."

"சார், நான் முடிச்சுக்கறேனே," என்றார் டீச்சர். "கடைசி நாள்ல பாட்டு நாள் வெச்சிருக்கோம். அப்பாவோ அம்மாவோ பிள்ளையோட சேர்ந்து பாடணும். அன்னிக்கு ஒரு வார்த்தையாவது அவ வாயிலருந்து வந்தாத்தான் தலைமை டீச்சர் பெரிய வகுப்புக்கு அனுப்புவாங்க. இல்லேன்னா இன்னொரு வருஷம் சின்னப் பிள்ளைங்களோடதான். பாட்டு இதுதான்."

பாட்டை அவரே கட்டியிருந்தார்.

*கழுதைக் குட்டி குளிச்சு வந்துச்சு*
*காது ரெண்டிலும் – சோப்பு!*
*துடைக்க வெச்ச துண்டைக் காணோம்*
*தூக்கிப் போச்சு – காத்து!*
*ஓடிப் போயித் தேடிப் பார்த்தா*
*ஒட்டகத்தின் – கழுத்தில்!*
*குடுத்துடுன்னு கேட்டுப் பார்த்தா*
*"குளிருது"ங்குது – ஒட்டகம்!*

"அருமையா இருக்கு டீச்சர். இன்னிக்கே சொல்லிக் குடுத்துடறேன்."

"சொல்லிக் குடுக்கக் கூடாது. அதான் விஷயம்," என்றார் டீச்சர். "நிறுத்தணும். 'காது ரெண்டிலும்'னு பாடிட்டு நிறுத்திட்டு அவ முகத்தைப் பாருங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. வார்த்தை வந்தா நல்லது. வரலைன்னா முதல்லருந்து பாடுங்க. எக்காரணம் கொண்டும் அந்த வார்த்தைய நீங்க சொல்லக் கூடாது. அந்த இடம் அவளோடது. எங்கே, ஒரு தடவை பழகிப் பார்ப்போம். நான் பாடறேன், நீங்க சும்மா கேளுங்க. கழுதைக் குட்டி குளிச்சு வந்துச்சு, காது ரெண்டிலும்..."

"சோப்பு," என்றார் சலூன்காரர்.

டீச்சர் அவரையே பார்த்தார். மறுபடி பாடினார். மறுபடி சோப்பு. மூன்றாவது முறை சலூன்காரர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கு வழியாகச் சோப்பு வந்தது.

வீட்டிலும் அதே கதைதான். கடுகை எதிரில் உட்கார வைத்துப் பாடுவார், நிறுத்துவார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் அவருக்கு நெஞ்சு அடைக்கும், காது குப்பென்று ஆகும், சோப்பு வெளியே விழும். கடுகு தலையை ஆட்டி "ம்" என்பாள், சரியாகச் சொன்னதற்குப் பாராட்டுவதுபோல. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. நாலு நாளில் சலூன்காரர் பாட்டைத் தலைகீழாகக் கற்றுக்கொண்டார். கடுகு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் முன்னறையில் மிஷின் சத்தம் நின்றது. தையல்காரி வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினார். அந்த வீட்டில் இது அபூர்வமான காட்சி. கடுகுகூட எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏங்க, நான் எப்படிப் பேசாம இருக்கேன்னு நினைக்கறீங்க? வாய்ல ஊசி இருக்கு, அதான். நீங்களும் எதையாவது வாய்ல போட்டுக்குங்க. ஊசி வேணாம், முழுங்கிடுவீங்க. தண்ணி போதும்," என்றார். பிறகு ஊசிகளைத் திரும்ப வாயில் அடுக்கிக்கொண்டு மிஷினை மிதித்தார்.

அன்று முதல் சலூன்காரரின் இடுப்பில் ஒரு தண்ணீர் பாட்டில் தொங்கியது. ஒரு வரி பாடுவார், சட்டென்று ஒரு வாய் தண்ணீரை அடக்கிக்கொள்வார். கன்னம் இரண்டும் புடைக்க, கண் பிதுங்க, மகளைப் பார்த்தபடி பத்து எண்ணுவார். விழுங்குவார். மறுபடி கழுதைக் குட்டி குளிக்கப் போகும். பார்க்கிறவர்களுக்கு இது பாடம் நடத்துவதாகத் தெரியாது, பல்வலி என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் வாயை அடைத்துக்கொண்ட பிறகுதான் அவருடைய கண் வேலை செய்தது. ஒன்றிலிருந்து மூன்று வரை கடுகு சும்மா அவரைப் பார்ப்பாள். நாலில் கண் சுருங்கும். ஐந்தில் மூச்சை உள்ளே இழுப்பாள். ஏழில் அவள் உதடு லேசாகக் குவியும். பத்தில் மறுபடி தளர்ந்துவிடும். அந்தக் குவிந்த உதட்டைச் சலூன்காரர் அதுவரை பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருப்பார்? நாலு வருஷமாக அவள் ஏழுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தாள். இவர் மூன்றிலேயே கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். தண்ணீர் வாயோடு அவர் அழுதார். அந்த நிலையில் அழுவது சுலபமில்லை, மூக்கு வழியாகவும் கொஞ்சம் வந்தது. கடுகுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

பள்ளி விட்டதும் கடுகு சலூன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். அதனால் பாட்டு சலூனுக்கும் வந்தது. இரண்டே நாளில் வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அவர் "காது ரெண்டிலும்" என்று நிறுத்தினால், துணிக்குள்ளிருந்து நாலு தலை "சோப்பு" என்று கோரஸ் பாடியது. தலையாய பிரச்சினை முளைத்துவிட்டது. சலூன்காரர் ஒரு சட்டம் போட்டார்: கடுகு கடையில் இருக்கும் நேரத்தில் முடிவெட்டிக்கொள்கிறவர்கள் வாயிலும் தண்ணீர் இருக்க வேண்டும்.

முடிவெட்டுகிறவன் கையில் கத்தி இருக்கும்போது யார் எதிர்த்துப் பேசுவார்கள்? தபால்காரர் முதல் ஆளாக வாய் நிறையத் தண்ணீர் பிடித்தார். அப்படியே மீசைக்கும் காவலாக இருக்கும் என்று அவர் கணக்கு. ரொட்டிக்கடைக்காரர் பெஞ்சில் காத்திருந்தபடி பிடித்தார். ஒருநாள் மாலை, சலூன்காரரையும் சேர்த்து மூன்று பேர் கன்னம் உப்பி வரிசையாகக் கண்ணாடியில் தெரிய, கடுகு ஒவ்வொருவர் கன்னத்தையும் விரலால் தட்டி நிறைந்திருக்கிறதா என்று சோதித்துக்கொண்டு போனாள். அவள்தான் இப்போது மேற்பார்வை. அப்பாவின் பாட்டிலை நிரப்பிக் கொடுப்பதும் அவள்தான். சலூன்காரர் ஏழு வரை எண்ணிவிட்டார். உதடு குவிந்தது. எட்டு.

அந்த நேரம் பார்த்து மின்சார மீட்டர் பார்க்கிறவர் உள்ளே வந்தார். மூன்று பேரையும் பார்த்தார், கடுகைப் பார்த்தார், வெளியே நின்று பாட்டைக் கேட்டிருப்பார்போல. "சோப்புதானே?" என்றார்.

மூன்று வாயும் ஒரே நேரத்தில் திறந்தன. கண்ணாடி, கத்தரி, மீட்டர் புத்தகம் எல்லாம் நனைந்தது. கடுகு தரையில் உருண்டு சிரித்தாள். சிரிப்பு வந்தது, சொல் வரவில்லை. மறுநாள் காலையில் பாட்டு நாள்.

பள்ளிக்கூடத்துக் கூடத்தில் அப்பா அம்மாக்கள் முழங்கால் மோவாயில் இடிக்க அந்தக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியை முன்வரிசையில், கையில் பேர்ப்பட்டியலும் பேனாவுமாக இருந்தார். தையல்காரி கடைசி வரிசையில் நின்றார். அன்று வாயில் ஊசி இல்லை, ஆனாலும் பழக்கத்தில் உதட்டை இறுக்கியே வைத்திருந்தார். ஒரு பையன் எல்லாக் கோடிட்ட இடத்துக்கும் "சோப்பு" என்றே சொல்லித் தேறிவிட்டான். இரட்டையர் இருவர் அவர்களுடைய அம்மா வாயைத் திறப்பதற்குள் ஒட்டகம் வரை போய்த் திரும்பி வந்தார்கள். கடைசியாகக் கடுகின் முறை வந்தது.

சலூன்காரர் இடுப்பிலிருந்து பாட்டிலைக் கழற்றினார். மகள் எதிரில் மண்டியிட்டார். "கழுதைக் குட்டி குளிச்சு வந்துச்சு, காது ரெண்டிலும்..." என்று பாடிவிட்டு, ஒரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

கடுகு விரலால் அவர் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். நிறைந்திருந்தது.

ஒன்று. இரண்டு. கூடத்தில் யாரோ இருமினார்கள். மூன்று. நாலு. அப்போதுதான் தபால்காரர் வாசலில் வந்து நின்றார். தலைமை ஆசிரியைக்கு ஒரு பதிவுத் தபால், கையெழுத்து வேண்டும். உள்ளே நடப்பதைப் பார்த்ததும் அவர் கன்னம் தானாக உப்பியது. ஐந்து. ஆறு.

தலைமை ஆசிரியையும் முந்திரிக்கொட்டை வம்சம்தான் போலிருக்கிறது. ஆறுக்கு மேல் அவருக்கும் பொறுக்கவில்லை. நாற்காலியை நகர்த்திக்கொண்டு, குனிந்து, "சொல்லும்மா, சோ... சோ..." என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். சலூன்காரர் வாயைத் திறக்க முடியாமல் கையை ஆட்டினார். ஏழு. உதடு குவிந்தது.

கடுகு தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினாள்.

"யாரும் சொல்லக் கூடாது," என்றாள். "எங்கப்பா எனக்காக நிறுத்தி வெச்சிருக்காரு."

நல்ல கணீர்க் குரல். கொஞ்சம் கரகரப்பு, நாலு வருஷம் உள்ளேயே மடித்து வைத்திருந்த குரல் இல்லையா. பாட்டு டீச்சர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். கடுகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். பிறகு வாசலில் நின்ற தபால்காரரை, அவருடைய பாதி முளைத்த உதட்டை, நிதானமாகப் பார்த்தாள். பத்து.

"காது ரெண்டிலும் மீசை," என்றாள்.

சலூன்காரர் வாய்க்குள் கட்டிக்காத்த அணை அங்கே உடைந்தது. ஒரு வாய்த் தண்ணீரும் அப்படியே தலைமை ஆசிரியையின் கண்ணாடியில், பேர்ப்பட்டியலில், பேனாவில். வாசலில் தபால்காரரும் தன் பங்குக்குச் சிரித்ததில், பிள்ளைகள் கும்மாளமிட்டதில், "மீசை மீசை" என்று கூடமே கழுதைக்கு மீசை வைத்துவிட்டது.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "பாட்டுல அப்படி வரலியே," என்றார்.

"வரலைதான் மேடம்," என்றார் பாட்டு டீச்சர். "பாட்டுல இருக்கறதைச் சொன்னா மனப்பாடம். இல்லாததைச் சொல்லிட்டா பாருங்க, அதுதான் பேச்சு."

தலைமை ஆசிரியை நனைந்த பட்டியலைப் பார்த்தார். மை கலைந்து எந்தப் பேர் எது என்றே தெரியவில்லை. "பெரிய வகுப்பு," என்று வாயாலேயே சொல்லிவிட்டு, தபாலுக்குக் கையெழுத்துப் போடப் போனார். கடைசி வரிசையில் தையல்காரி இரண்டு புருவத்தையும் உயர்த்தினார். நடக்காது என்று அர்த்தமில்லை. அன்று அந்தப் புருவங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

மனைவி தைக்கக் கிடந்த துணிகளை நினைத்து முன்னால் போய்விட, அப்பாவும் மகளும் கடைத்தெரு வழியே நடந்தார்கள். கடுகு பேசிக்கொண்டே வந்தாள். அந்த நாய்க்கு ஒரு காது கிழிஞ்சிருக்கு. பால் நீல டம்ளர்ல வேணாம், எனக்கு அது எப்பவுமே பிடிக்காது. சர்க்கரை ரெண்டு ஸ்பூன். அந்த மஞ்சள் சட்டை குத்துது, அதனாலதான் கடிச்சேன். அப்பா, ரொட்டிக்கடை மாமா தண்ணிய ஏமாத்தி முழுங்கிடுவாரு, நான் பார்த்தேன். அப்பா, கேக்கறியா? அப்பா.

சலூன்காரர் கேட்டுக்கொண்டே வந்தார். வழியில் ஒரு வார்த்தை குறுக்கே போடவில்லை. எத்தனை "அப்பா" என்று எண்ணப் பார்த்து, ஒன்பதுக்கு மேல் விட்டுவிட்டார். சலூன் வாசலுக்கு வந்ததும் நின்று, அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"கடுகு, அப்பாவுக்கு இன்னிக்கு ரொம்ப..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. வாயில் தண்ணீர்கூட இல்லை. ஊரார் வாக்கியத்தையெல்லாம் முடித்து வைத்தவருக்குத் தன்னுடையதை முடிக்கத் தெரியவில்லை.

கடுகு அவசரப்படவில்லை. இரண்டு கையையும் விரித்து, அவர் முகத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு விரலாக மடக்கினாள். மூன்று. ஐந்து. ஏழாவது விரலில் அவருடைய உதடு லேசாகக் குவிந்தது. எட்டு. ஒன்பது. பத்து. சொல் வரவில்லை.

முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் அவள் யார் மகள்? பாவமாக இருந்ததோ என்னவோ, அவளே முடித்து வைத்தாள்.

"சோப்பு."

"ஆமாம்மா," என்றார் சலூன்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரொம்ப சோப்பு."